அம்மாவின் இடது கணைக்கால்

தெஸ்ஸலோனிகி
9 பிப்ரவரி 1984

ஸ்டெர்கியோ அண்ணா,

வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ வந்தால் வருகிறேன் என்றேன். இரண்டும் ஒன்றல்ல.

காபிக்கடைத் தொலைபேசியில் உன்னால் பேச முடியவில்லை, தெரியும். பின்னால் யாரோ, "சத்தமா பேசுப்பா, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றது இங்கே எனக்கே கேட்டது. அதனால் எழுதுகிறேன். தாளுக்குக் காது இல்லை.

ஜனவரியில் உனக்காக ஒரு படுக்கை பிடித்து வைத்தேன். உடற்கூறுத் துறையில் எலும்புகளைக் கழுவி எண் ஒட்டுகிறவளுக்கு மருத்துவமனையில் படுக்கை கேட்கும் உரிமை கிடையாது. ஆனாலும் கேட்டேன். பேராசிரியர் முன்னால் நின்று, கையைப் பிசைந்துகொண்டு. அன்று பஸ் நிலையத்துக்கும் போனேன். உன் ஊர்ப் பக்கமிருந்து வரும் யோவான்னினா பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் ஓட்டுநரும் இறங்கினார். "யாருக்கும்மா நிக்கிற? உள்ள இனிமே சீட்டுதான் இருக்கு."

ஏன் வரவில்லை என்று நீ இன்றுவரை சொல்லவில்லை.

உன் எக்ஸ்ரே என் மேசையில் இருக்கிறது. இன்னொரு முறை சொல்கிறேன். மரம் விழுந்து கணைக்கால் முறிந்தபோது தோல் கிழிந்து மண் உள்ளே போனது. எலும்பு ஒட்டிக்கொண்டது. கிருமி உள்ளேயே தங்கிவிட்டது. சீழ் சேர்ந்து அழுத்தியதில் ஒரு துண்டு எலும்புக்கு ரத்தம் போவது நின்றது. அது செத்துவிட்டது. படத்தில் மற்றதைவிட வெள்ளையாகத் தெரிவது அதுதான். அதைச் சுற்றி உன் உடம்பு புது எலும்பால் ஒரு கூடு கட்டியிருக்கிறது. கூட்டில் ஓர் ஓட்டை. ஐந்து வருஷமாக ஒழுகுவது அந்த வழியாகத்தான். மாத்திரை ரத்தத்தோடு போகும். செத்த எலும்பில் ரத்தம் இல்லை. பெட்டி பெட்டியாகத் தின்றாலும் மருந்து வாசலோடு நின்றுவிடும்.

துண்டை எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

மார்ச் பத்தொன்பது, திங்கட்கிழமை, இன்னொரு படுக்கை கிடைத்திருக்கிறது. மூன்றாவது முறை கேட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள். அம்மாவைத் தோண்டி எடுக்கும் நாளுக்கு நான் வர வேண்டுமென்றால், அந்தத் திங்கட்கிழமை நீ வருவதாக எழுது.

எவாந்தியா


பெத்ரோவுனி
15 பிப்ரவரி

எவா,

பெற்ற தாயின் எலும்பை வைத்துப் பேரம் பேசுகிற முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான். படிப்பு வீண்போகவில்லை.

அம்மாவைப் புதைத்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது, ஊர் வழக்கப்படி எலும்பை மண்ணிலிருந்து எடுத்தாக வேண்டும். இறந்தோர் சனிக்கிழமைக்கு முந்தின நாள் தோண்டுகிறோம். கழுவிக் காயவைத்து, மறுநாள் எலும்பறையில் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒயின் வாங்கியாயிற்று. படையலுக்குக் கோதுமை ஊறப்போட ஆள் சொல்லியாயிற்று. லாம்ப்ரினி பெரியம்மா தினமும் வாசலில் நின்று கேட்கிறாள்: "மக வராளா இல்லையா? தங்கச்சி தலையை நானே கழுவணும்னா கழுவிக்கிறேன். ஆனா ஊரு கேக்கும்ல."

நான் என்ன சொல்ல? அவள் எலும்பு கழுவுகிற வேலைதான் செய்கிறாள் பெரியம்மா, ஊரார் எலும்பு மட்டும்தான் கழுவுவாள் என்றா?

என் காலைப் பற்றி. ஓட்டை இருக்கிறது. ஒழுகுகிறது. நம் வீட்டுக் கூரையும்தான் ஒழுகுகிறது. அதற்காக வீட்டை வெட்டுவார்களா? துணி சுற்றுகிறேன். பெரியம்மா சுட்ட வெங்காயம் வைத்துக் கட்டுகிறாள். போன மாதம் ஒரு சின்ன எலும்புச் சில்லு தானாகவே வெளியே வந்தது, அரிசி அளவு. தானாக வருவதை எதற்கு வெட்டி எடுக்க வேண்டும்?

மீன் பண்ணையில் இப்போது முட்டைக் காலம். பெண்மீனைப் பிடித்து வயிற்றைத் தடவி முட்டையைச் சட்டியில் பிழிய வேண்டும். இந்தப் பக்கத்தில் என்னைவிட மென்மையாக அதைச் செய்கிற கை இல்லை. முதலாளியே சொல்வார். இப்போது நான் படுத்தால் அடுத்த வருஷம் என் பூட்ஸில் வேறொருவன் கால் இருக்கும். பூட்ஸ் என்றதும் ஞாபகம். புதிது வாங்கிவிட்டேன். பழையது இரண்டு காலிலும் ஏறவில்லை. லூரோஸ் ஆற்றுத் தண்ணீர் அப்படி, ரப்பரையும் சுருக்கிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரி. அங்கே மீன் நாற்றத்தில் என் கால் நாற்றம் யாருக்கும் தெரியாது. எனக்கென்றே செய்த வேலை.

பெரியம்மா நேற்று என் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். "மூஞ்சி நல்லா உருண்டு வந்திருக்குடா. இப்பவாவது ஒரு பொண்ணு பார்க்கலாம். காலை யாரு பார்க்கப் போறா, பேன்ட்டு எதுக்கு இருக்கு?"

வருகிறாயா இல்லையா? ஒரு சொல் போதும்.

ஸ்டெர்கியோஸ்


தெஸ்ஸலோனிகி
20 பிப்ரவரி

இல்லை.

ஒரு சொல் கேட்டாய்.

எலும்பைக் கழுவிவிட்டு ஈரத்தோடு வெயிலில் வைக்காதீர்கள். வெடிக்கும். நிழலில், காற்றில். பல்லை எண்ணுகிறேன் என்று தாடையைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று, கழுவ வரும் அந்த வாயாடி தெஸ்போவிடம் சொல். தலையைப் பெரியம்மாவே துடைக்கட்டும்.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது என்று நினைக்காதே. நினைத்தாலும் நினைத்துக்கொள்.

எ.


பெத்ரோவுனி
27 பிப்ரவரி

எவா,

இதை உனக்கு எழுதக் கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். பிறகு, வேறு யாருக்கு எழுதுவது?

வெள்ளிக்கிழமை காலையில் தூறல். வெட்டியான் நாசோஸும் நானும் தோண்டினோம். இடுப்பளவு வந்ததும் அவன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தள்ள ஆரம்பித்தான். தலை முதலில் வந்தது. பெரியம்மா வெள்ளைத் துணியில் வாங்கி, முத்தம் கொடுத்து, அம்மாவின் பேரைச் சொல்லி, "வந்துட்டியா, வா" என்றாள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்தவளிடம் சொல்வதுபோல.

மற்றதெல்லாம் தேன் நிறம். நிறம் தெளிந்தால் பாவம் தீர்ந்தது என்று நம்புகிற பெண்களுக்குத் திருப்தி. "மெழுகு மாதிரி இருக்கா பாரு. மன்னிச்சாச்சு, எல்லாம் மன்னிச்சாச்சு." ஒயின் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். நாசோஸ் குழிக்குள்ளிருந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். அவன் வழக்கம் உனக்குத் தெரியும். "கை ரெண்டு. தொடை ரெண்டு. வலது கால் ஒண்ணு." அதோடு நின்றான். "இது என்ன?" என்றான்.

இடது கணைக்கால்.

வலது கால் எலும்பை நீளத்தில் ஒத்திருந்தது. வேறெதிலும் ஒக்கவில்லை. நடுவில் சுரைக்காய்போலப் பருத்திருந்தது. பழுப்பு நிறம். மேலெல்லாம் சொரசொரப்பு, காய்ந்த மரப்பட்டைபோல. கையில் வாங்கினால் கல் கனம். முன்பக்கம் ஓர் ஓட்டை, என் சுண்டுவிரல் நுழைகிறது. விளிம்பு வழவழப்பாக இருந்தது, யாரோ தேய்த்துத் தேய்த்து வைத்ததுபோல.

நாசோஸ் அதைத் தட்டி மண்ணை உதறினான். உள்ளே ஏதோ ஆடியது.

எல்லோருக்கும் கேட்டது. கிலுகிலுப்பை மாதிரி.

பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். தெஸ்போ சும்மா இருப்பாளா. "மண்ணு எல்லாத்தையும் தின்னிருக்கு. இதை மட்டும் துப்பியிருக்கு. உள்ள என்னமோ இருக்கு. திரும்பப் புதைங்க."

"வாயைக் கழுவுடி," என்றாள் பெரியம்மா. "அந்த ஒயின்லயே கழுவு."

பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சண்டை வேண்டாம். அந்த ஒண்ணை மட்டும் இன்னும் மூணு வருஷம் மண்ணுல வைப்போம். வெளுக்கட்டும்."

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்றது பெட்டியில் போயிற்று. நாசோஸ் பின்னாலிருந்து கத்தினான்: "கணக்குல ஒண்ணு குறையுதுப்பா."

ராத்திரி பெரியம்மா வந்து சொன்னாள். அம்மாவுக்குப் பத்து வயது. போர்க்காலக் குளிர். ஒருநாள் ஜுரம் வந்தது, அடிகூடப் படவில்லை, இடது கால் வீங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் படுத்திருந்தாள். கடைசியில் பெண்கள் கத்தியைச் சுட்டுக் கீறிவிட்டார்கள். அதிலிருந்து அந்தப் புண் ஆறவே இல்லை. கறுப்புக் காலுறை அதற்குத்தான். அப்பாவுக்குத் தெரியும். நமக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம். வெயிலிலும் காலுறையைக் கழற்றாதவளை நாம் எத்தனை கேலி செய்தோம்.

சரி. இப்போது நான் சொல்வதைக் கேள், டாக்டரம்மா. அந்த எலும்பை விளக்கில் வைத்து நன்றாகப் பார்த்தேன். நீ சொன்ன கூடு. நீ சொன்ன வாசல். உள்ளே செத்த துண்டு. எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அம்மா இந்தக் காலோடு விறகு சுமந்தாள். நம் இருவரையும் சுமந்தாள். செத்ததைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் நடந்தாள். கத்தி இல்லை, படுக்கை இல்லை, பேராசிரியர் இல்லை. அவள் எலும்புக்குத் தெரிந்தது என் எலும்புக்கும் தெரியும். அதனால் மார்ச்சில் வரவில்லை. இது என் முடிவு.

கடைசியாக ஒன்று. ஊரார் எலும்பையெல்லாம் படித்தாயே. வீட்டு எலும்பு தெரியவில்லையே.

ஸ்டெர்கியோஸ்


தெஸ்ஸலோனிகி
3 மார்ச்

அண்ணா,

உன் கடைசி வரி சரிதான்.

இங்கே அலமாரியில் அதைப்போல ஏழெட்டு இருக்கின்றன. எண் ஒட்டியவள் நான். ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எந்தக் காலுறைக்குள் இருந்தது என்று எழுதிவைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

உன் கடிதத்தைப் பேராசிரியரிடம் படித்துக் காட்டினேன். அம்மா என்று சொல்லவில்லை. ஒரு கிராமத்தில், என்றேன். அவர் கேட்டார்: "அந்தம்மா எதுல செத்தாங்க?"

சிறுநீரகம், என்றேன்.

"ம். அப்படித்தான் முடியும்," என்றார். தேநீரைக் கலக்கிக்கொண்டே.

வருஷக்கணக்காகச் சீழ் வடியும் உடம்பில் மெழுகுபோன்ற ஒரு பொருள் சேருமாம். சேரும் இடம் பெரும்பாலும் சிறுநீரகம். வலி இருக்காது. முதலில் பாதம் வீங்கும், இரண்டும். காலையில் முகம் உருண்டு தெரியும். பார்க்கிறவர்கள் சதை போட்டிருக்கிறது என்பார்கள்.

அறைக்கு வந்து உன் முதல் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். பூட்ஸ். இரண்டு காலிலும் ஏறவில்லை. பெண் பார்க்கலாம்.

கோபத்தில் படித்ததால் அன்று அது கண்ணில் படவில்லை. ரப்பர் சுருங்காது, அண்ணா.

அம்மாவின் கடைசி வருஷம் ஞாபகம் இருக்கிறதா? செருப்பின் முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டிப் போட்டுக்கொண்டாள். கண் இரண்டும் இடுக்காகிவிட்டது. "வயசாச்சு, ஊதிட்டேன்" என்றாள். ஐம்பத்தொரு வயது. டவுன் டாக்டர் சிறுநீரகம் என்றார், காலுறையைக் கழற்றச் சொல்லவில்லை. அவளும் கழற்றவில்லை.

நாற்பது வருஷம் நடந்தாள் என்று எழுதினாய். ஐம்பத்தொன்றில் செத்தாள் என்று எழுதவில்லை. சுவர் நன்றாகத்தான் கட்டினாள். வாசலை அடைக்க முடியவில்லை. உள்ளே செத்தது கிடக்கும்வரை எந்த எலும்பாலும் முடியாது.

ஒரே ஒரு கேள்வி. இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. சிறுநீரகம் கெட்டால் அதுவும் ஓர் அடையாளம்: உன் மூத்திரம் நுரைக்கிறதா?

எவாந்தியா


பெத்ரோவுனி
8 மார்ச்

எவா,

கல்யாணமாகாத தங்கச்சி அண்ணனிடம் எழுதிக் கேட்கிற கேள்வியா அது. தபால்காரனுக்கு உறையைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நான் இந்த ஊரில் எப்படி இருப்பேன்?

பெரிய நோன்பு தொடங்கிவிட்டது. பண்ணையில் இத்தனை மீன் துள்ளுகிறது, வீட்டில் அவரையும் ஆலிவும்தான். பெரியம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் கொண்டுவந்து வைக்கிறாள், தட்டை நங்கென்று. பெட்டியில் ஓர் எலும்பு குறைவதால் அம்மா கனவில் நொண்டிக்கொண்டு வருகிறாளாம். தெஸ்போ கனவிலும் வந்தாளாம். அம்மா உயிரோடு இருந்தபோது தெஸ்போ வீட்டுப் படி மிதித்ததில்லை. செத்த பிறகு போவாளா?

பாதிரியார் முந்தாநாள் வந்தார். எலும்பு ஃபிரிட்ஜ் மேல் இருந்ததைப் பார்த்தார். "இங்கயா வைப்பாங்க?" என்றார். "அங்கதான் ஐயா கண்ணில படும்" என்றேன். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

சமயத்தில் அதை எடுத்து ஆட்டிப் பார்க்கிறேன். பிறகு என் காலைத் தட்டிப் பார்க்கிறேன். என்னுடையதில் சத்தம் வரவில்லை. சதை இருக்கிறதே.

ஏன் ஜனவரியில் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்கிறேன். சிரிக்காதே. மர அறுவைக்கார மித்ரோசை உனக்குத் தெரியும். நான் பஸ் ஏற வேண்டிய அன்று காலையில் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தான், பேன்ட்டின் ஒரு கால் மடித்து ஊசி குத்தியிருந்தது. "அவங்க முதல்ல துண்டுன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் கால்னுவாங்க," என்றான். "என் காலைக் கொடுங்கன்னு கேட்டேன். எரிச்சாச்சுன்னுட்டாங்க." நாசோஸ் பக்கத்து மேசையில் இருந்தான். "அப்ப உன்னைத் தோண்டுறப்ப எனக்கு ஒண்ணு குறைச்சல் வேலை," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மித்ரோசும் சிரித்தான்.

நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ படித்தவள். உனக்கு இது ஒன்றுமில்லை. நாளைக்கு என்னைத் தோண்டும்போது நாசோஸோ அவன் மகனோ எண்ணிக் கொடுப்பான். கால் ஒன்று, என்பான். அடுத்தது எங்கே என்று தேடுவார்கள். இல்லாத எலும்புக்கு மண்ணைக் கிளறுவார்கள். அந்தச் சின்னத் துண்டாகவே இருக்கட்டும். அதுவும் என்னுடையதுதானே. அதை எங்கே போடுவார்கள்? இதைக் கேட்க எனக்கு அங்கே யாரும் இல்லை. உன்னிடம் கேட்க வெட்கமாக இருந்தது. போதுமா?

ஸ்டெர்கியோஸ்


தெஸ்ஸலோனிகி
12 மார்ச்

அண்ணா,

நான் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. உன்மேல் இல்லை. ஜனவரியிலிருந்து நான் உனக்கு ரத்தம், கிருமி, கூடு, வாசல் என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அதை நான் கேட்கவே விடவில்லை போலிருக்கிறது.

இன்று அறுவை மருத்துவரிடம் போனேன். எடுக்கும் துண்டை என்னிடம் தர வேண்டும் என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஞாபகார்த்தமா?" என்றார். புதைப்பதற்கு, என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "எடுத்துட்டுப் போம்மா. நான் அதை வச்சு சூப்பா வைக்கப் போறேன்? எங்கம்மாவையும் ஊர்லதான் தோண்டினோம்," என்றார்.

ஆக, துண்டு என் கைக்கு வரும். கழுவி, காயவைத்து, உன்னிடம் தருவேன். அது என் வேலை. இந்த ஊரில் என்னைவிட மென்மையாக அதைச் செய்கிற கை இல்லை.

காலைப் பற்றியும் கேட்டேன். இப்போது வந்தால் கால் நிற்கும் என்று நினைக்கிறார். நினைக்கிறார், அவ்வளவுதான். சத்தியம் செய்யவில்லை. நானும் செய்ய மாட்டேன். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தால், சீழ் நின்றால் அதுவும் அந்த அளவில் நிற்கலாம். நிற்காமலும் போகலாம். தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் சேரும்.

படுக்கை திங்கட்கிழமை. நீ இன்னும் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

எவாந்தியா


பெத்ரோவுனி
16 மார்ச்

எவா,

அம்மாவை அனுப்புகிறேன். பஸ்ஸில், பண்ணையின் வெள்ளை மீன் பெட்டியில், வைக்கோல் வைத்து. கயிற்றை வெட்டாதே, அவிழ். ஓட்டுநரிடம் மீன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதமும் உள்ளேதான்.

நான் வரவில்லை. கோபப்படுவதற்கு முன்னால் கேள்.

நீ சொல்கிறாய், துண்டை எடுத்தாலும் கால் நிற்கும் என்று. மருத்துவர் நினைக்கிறார், நீ நினைக்கிறாய். நான் மூன்று வாரமாக அந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது, அந்தக் கூடு அந்தத் துண்டைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. துண்டுதான் அதன் தூண். எடுத்தால் சரிந்துவிடும். முதலில் அம்மாவின் எலும்பிலிருந்து எடு. நீயே எடு, உன் கையால், வேறு யாரும் தொடக் கூடாது. எடுத்த பிறகு எலும்பு நின்றால் எனக்குச் சொல். உடைந்தாலும் சொல். பொய் சொல்லாதே. சின்ன வயதில் நீ பொய் சொல்லும்போது எழுத்து சாயும். எனக்குத் தெரியும்.

பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கயிறு கட்ட அவளே பிடித்தாள். "கூட்டிட்டுப் போய் அதை எடுத்து விடச் சொல்லு. பத்து வயசுல எடுத்திருக்க வேண்டியது," என்றாள்.

நீ கேட்டதற்கு: ஆமாம். நுரைக்கிறது. கிறிஸ்துமஸிலிருந்து. பியர் மாதிரி.

அம்மாவுக்கும் இருந்ததா?

ஸ்டெர்கியோஸ்


தெஸ்ஸலோனிகி
18 மார்ச், ஞாயிறு

அண்ணா,

பெட்டி நேற்று வந்தது. ஓட்டுநர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். "மீனுன்னாங்க. நாத்தமே இல்லையேம்மா. ஏமாத்திட்டானா?" இல்லை, நல்ல மீன், என்றேன்.

இன்று துறையில் யாரும் இல்லை. கயிற்றை அவிழ்த்தேன். பெரியம்மாவின் முடிச்சு, நகம் ஒடிந்தது.

நீ எழுதியதெல்லாம் சரி. கனம், நிறம், ஓட்டை. வழவழப்பான விளிம்பும். யாரும் தேய்க்கவில்லை, அண்ணா. நாற்பது வருஷம் சீழ் வழிந்த தடம். ஆற்றங்கரைக் கல் வழவழப்பாவதுபோல.

முதலில் ஓட்டை வழியாக இடுக்கியை விட்டு இழுத்துப் பார்த்தேன். துண்டு வாசல்வரை வந்து நின்றது. வராது. வாசல் சின்னது, துண்டு பெரியது. உன் அரிசிச் சில்லு வெளியே வந்ததற்கும் அது வராததற்கும் காரணம் இவ்வளவுதான். அம்மாவின் உடம்பு அதைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் சுவர் எழுப்பியது, ஒரு பக்கம் கதவு வைத்தது, கதவை வேண்டிய அளவு வைக்கவில்லை. சின்ன ரம்பம் ஒன்றால் யாராவது கதவைப் பெரிதாக்கியிருந்தால் போதும்.

நான் பெரிதாக்கினேன்.

நீ பொய் சொல்லாதே என்றாய். ரம்பம் ஓடும்போது மேல்பக்கம் ஒரு கீறல் விழுந்தது. நகத்தளவு. நிறுத்திவிட்டேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கீறல் அங்கேயே இருந்தது. நீளவில்லை. மறுபடி அறுத்தேன்.

துண்டு வெளியே வந்தது. விரல் நீளம். எடையே இல்லை. ஓரமெல்லாம் பூச்சி அரித்ததுபோல. நடுவில் மட்டும் பழைய எலும்பின் வழவழப்பு, பத்து வயதுப் பெண்ணின் கணைக்கால் எவ்வளவு மெலிதோ அவ்வளவு மெலிது. அதற்குமேல் அது வளரவில்லை. அம்மா வளர்ந்தாள். அது பத்து வயதிலேயே நின்றுவிட்டது.

பிறகு கூட்டை மேசையில் செங்குத்தாக நிறுத்தினேன். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பிறகு இரண்டு கையையும் வைத்து. பிறகு என் எடை முழுவதையும்.

நின்றது.

செத்தவளின் காய்ந்த எலும்பு உயிருள்ள காலைப் பற்றி எதையும் நிரூபிக்காது. உனக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆனால் நீ கேட்டாய். அது நின்றது. தூண் துண்டு இல்லை. கூடுதான்.

அம்மாவுக்கும் இருந்ததா என்று கேட்டாய். இருந்திருக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நீ என்னிடம் சொல்லிவிட்டாய். உனக்கும் அவளுக்கும் இப்போதைக்கு வித்தியாசம் அது ஒன்றுதான்.

ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை.

எழுத்து சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

எவா

கீழே ஒரு குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை, நானே உன்னிடம் கொண்டுவருகிறேன். மருத்துவருக்கு வீட்டுக்குத் தொலைபேசி செய்து, படுக்கையைத் திங்களிலிருந்து வியாழனுக்கு மாற்றச் சொன்னேன். திட்டினார், மாற்றினார். கணைக்காலை மீன் பெட்டியில் வைக்கோலுக்குள் வைத்தேன். துண்டைத் தனியாகத் துணியில் சுற்றி அதன் பக்கத்திலேயே வைத்தேன், நாசோஸின் கணக்கு குறையக் கூடாது. யோவான்னினா பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டும், திரும்பி வர இரண்டு டிக்கெட்டும் எடுத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.